சர்வரில் ஃபைல் காப்பி ஊர்கிறதா? எதை முதலில் பார்ப்பது

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கல்யாண ஸ்டுடியோ, அச்சகம், ஸ்கேன் சென்டர், ஆடிட்டர் ஆபீஸ் என்று எங்கே போனாலும் ஒரு மூலையில் சர்வர் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. சில இடத்தில் முறையான சர்வர், சில இடத்தில் நாலு ஹார்ட் டிஸ்க் போட்டு நெட்வொர்க்கில் எல்லோரும் ஃபைல் வைக்கிற நாஸ் பெட்டி, சில இடத்தில் பழைய கம்ப்யூட்டரையே சர்வராக்கி வைத்திருப்பார்கள். எதுவானாலும் வருகிற புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "காப்பி ஆகவே மாட்டேங்குது." ஈஸ்டர் கழிந்த வாரங்களிலும், ஆவணி, தை மாத முகூர்த்தங்களிலும் ஸ்டுடியோக்காரர்களுக்கு இது பெரிய தலைவலி. ஒரு கல்யாணத்துக்கு 300 ஜிபி வீடியோ வருகிறது. அது சர்வருக்குப் போய்ச் சேருவதற்குள் அடுத்த கல்யாணம் வந்துவிடுகிறது.

இந்த வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்காகவும், "கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரியுமே, நீயே பாரு" என்று ஆபீஸில் பொறுப்பைத் தலையில் கட்டப்பட்டவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். புது சர்வர் வாங்கு, புது ஸ்விட்ச் (எல்லாக் கேபிளும் வந்து சேரும் பெட்டி) வாங்கு என்று யோசனை சொல்ல ஆட்கள் நிறைய உண்டு. அதற்கு முன்னால் செய்ய வேண்டியது அளவெடுப்பது. ஒரு ஃபைல் ஒரு டிஸ்க்கிலிருந்து கிளம்பி, நெட்வொர்க் கார்டு, கேபிள், ஸ்விட்ச், மறுபடியும் கேபிள், கார்டு என்று தாண்டி, இன்னொரு டிஸ்க்கில் போய் உட்காருகிறது. இதில் எது மெதுவோ, அதன் வேகம்தான் மொத்த வேகம். எது என்று தெரியாமல் எதை மாற்றினாலும் காசு வீண்.

முதலில் ஒரு எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்

"ஸ்லோவாக இருக்கிறது" என்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. 5 ஜிபி அளவில் ஒரே ஒரு வீடியோ ஃபைலை எடுங்கள். ஒரு கம்ப்யூட்டரிலிருந்து சர்வருக்குக் காப்பி செய்து பாருங்கள். அப்புறம் வேறொரு பெரிய ஃபைலை சர்வரிலிருந்து கம்ப்யூட்டருக்கு எடுத்துப் பாருங்கள். அதே ஃபைலையே திருப்பி எடுத்தால் சர்வரின் மெமரியிலிருந்தே வந்துவிடும், டிஸ்க் எப்படி இருக்கிறது என்று தெரியாது. இரண்டு திசைக்கும் எண்ணை எழுதுங்கள். எந்தக் கம்ப்யூட்டர், எத்தனை மணி, அப்போது வேறு யாரெல்லாம் வேலை செய்துகொண்டிருந்தார்கள் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். முடிந்தால் இன்னொரு கம்ப்யூட்டரிலும் இதையே செய்யுங்கள். ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் மெதுவென்றால் சர்வர் பக்கம் போகவே வேண்டாம். கோளாறு அந்தக் கம்ப்யூட்டரிலோ அதன் கேபிளிலோதான்.

எண்ணைப் படிக்கும்போது ஒரு இடத்தில் எல்லோரும் இடறுவார்கள். விண்டோஸ் காப்பி ஜன்னலில் காட்டுவது விநாடிக்கு எத்தனை மெகாபைட் என்று. ஸ்விட்ச் பெட்டியிலும், இன்டர்நெட் பிளானிலும், டாஸ்க் மேனேஜரின் ஈதர்நெட் பக்கத்திலும் இருப்பது விநாடிக்கு எத்தனை மெகாபிட் என்று. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். அதனால் 1000 மெகாபிட் கொண்ட கிகாபிட் லைனில் கணக்குப்படி 125 மெகாபைட்தான் போகும். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் (தரவின் சிறு துண்டு) முகவரி மாதிரியான கூடுதல் சுமை உண்டு என்பதால், கையில் கிடைப்பது 110 முதல் 113 வரை. இந்தக் கட்டுரையில் எம்பி என்றால் விநாடிக்கு மெகாபைட், எம்பிபிஎஸ் என்றால் விநாடிக்கு மெகாபிட்.

இனி உங்கள் எண் என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

110க்கு மேல் வருகிறது என்றால் கிகாபிட் நெட்வொர்க் முழு வேகத்தில் ஓடுகிறது. அதில் ரிப்பேர் செய்ய ஒன்றுமில்லை. இன்னும் வேகம் வேண்டுமென்றால் 2.5 கிகாபிட்டோ 10 கிகாபிட்டோ போட வேண்டும். அது வேறு செலவு.

11 சொச்சத்தில் அசையாமல் நிற்கிறது என்றால் வழியில் எங்கோ 100 எம்பிபிஎஸ் ஆகிவிட்டது. இது மிகவும் சகஜம், கண்டுபிடிப்பதும் எளிது.

30லிருந்து 40க்குள் நின்றால் யுஎஸ்பி 2 போர்ட்டில் செருகிய வெளி டிஸ்க்கையோ வைஃபையையோ சந்தேகப்படுங்கள்.

முதல் ஒரு நிமிஷம் 110ல் ஓடி, அப்புறம் 20, 30 என்று விழுந்தால் அது டிஸ்க்கின் வேலை.

ஒன்று, இரண்டு என்று வந்து, நடுவில் பூஜ்யமாகி, மறுபடி எழுந்தால் கேபிளில் பிழை, அல்லது டூப்ளெக்ஸ் (இரு பக்கமும் ஒரே நேரத்தில் பேசுவதா, மாறி மாறிப் பேசுவதா என்ற அமைப்பு) தகராறு, அல்லது சாகப்போகிற ஹார்ட் டிஸ்க். பெரிய ஃபைல் நன்றாகப் போய், போட்டோ ஃபோல்டர் மட்டும் ஊர்ந்தால் அது சின்ன ஃபைல் பிரச்சனை. அதற்குக் கீழே தனியாக வருகிறேன்.

லிங்க் எத்தனையில் நிற்கிறது?

விண்டோஸில் செட்டிங்ஸுக்குள் நெட்வொர்க், அதற்குள் ஈதர்நெட். கீழே லிங்க் ஸ்பீடு என்று இருக்கும்; கார்டும் ஸ்விட்ச்சும் ஒத்துக்கொண்ட வேகம் அது. 1000 இருக்க வேண்டும். லினக்ஸ் சர்வர் என்றால் ஈத்டூல் கட்டளையோடு நெட்வொர்க் கார்டின் பெயரைக் கொடுத்தால் வேகமும் டூப்ளெக்ஸும் வரும். நாஸ் பெட்டிகளில் நெட்வொர்க் பக்கத்திலேயே இருக்கும். சர்வர் பக்கம், கம்ப்யூட்டர் பக்கம் இரண்டையும் பார்க்க வேண்டும். நடுவில் இரண்டு ஸ்விட்ச் இருந்தால் அவற்றுக்கு இடையே ஓடும் லைனையும் பார்க்க வேண்டும். இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். இரு முனையும் 1000 காட்டும், நடுவில் மாடிப்படிக்குக் கீழே ஒரு பழைய எட்டு போர்ட் ஸ்விட்ச் 100ல் உட்கார்ந்திருக்கும்.

நம் பக்கத்துக் கடைகளில் அடிக்கடி காண்கிற ஒன்று சிசிடிவி ஸ்விட்ச். கேமராவுக்குக் கரண்டும் சேர்த்து அனுப்பும் பிஓஇ ஸ்விட்ச்களில் பல, கேமரா போர்ட் எட்டும் 100 எம்பிபிஎஸ், ஓரத்தில் உள்ள ஒன்றோ இரண்டோ மட்டும் கிகாபிட் என்ற அமைப்பில் வருகின்றன. கேமரா வேலைக்கு அது தாராளம். ஆனால் "ஒரு போர்ட் சும்மா கிடக்கே" என்று சர்வர் கேபிளை அதில் செருகிவிட்டால் ஆபீஸ் முழுக்க 11 எம்பிதான். அதே மாதிரி மேஜை ஐபி போனின் பின்னால் கம்ப்யூட்டரைச் செருகும் வசதி உண்டு. போனுக்குள் இருக்கும் போர்ட் 100 ஆக இருந்தால் கம்ப்யூட்டருக்கும் அவ்வளவுதான். இன்டர்நெட் கம்பெனி கொடுத்த ரவுட்டரையே ஸ்விட்ச்சாகப் பயன்படுத்துபவர்கள் அதன் போர்ட்கள் கிகாபிட்டா என்று அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணை வைத்துப் பாருங்கள்.

ஸ்விட்ச் கிகாபிட், கார்டு கிகாபிட், ஆனாலும் லிங்க் 100 காட்டுகிறதா? சரி, கேபிளுக்கு வாருங்கள்.

கேபிள்: நேரம் ஒதுக்கிப் பார்க்க வேண்டிய இடம்

நெட்வொர்க் கேபிளுக்குள் எட்டு கம்பிகள், நாலு ஜோடிகள். 100 எம்பிபிஎஸ் ஓட இரண்டு ஜோடி போதும். பின் எண் 1, 2, 3, 6. கிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும். ஆகவே 4, 5, 7, 8 என்ற நாலில் ஒரு கம்பி விட்டுப்போனாலும் பெரும்பாலும் நெட்வொர்க் அறுந்து போகாது; கார்டும் ஸ்விட்ச்சும் பேசிப் பார்த்து 100க்கு இறங்கி ஓடிக்கொண்டிருக்கும். இணையம் வரும், பிரிண்டர் வேலை செய்யும், யாருக்கும் சந்தேகம் வராது. ஃபைல் காப்பி செய்கிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

குளச்சலில் கடலுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு ஸ்டுடியோவில் பார்த்தது இது. சர்வர் நாலு வருஷம் ஒழுங்காக ஓடியது, அப்புறம் 11 எம்பி. ஸ்விட்ச்சிலிருந்து பிளக்கை உருவி, போன் டார்ச்சை அடித்துப் பார்த்தால், தங்க நிறத்தில் பளபளக்க வேண்டிய எட்டுத் தகடுகளில் ஓரத்தில் இரண்டு பச்சை படிந்து மங்கிக் கிடந்தன. ஏழாவதும் எட்டாவதும், பழுப்பு ஜோடி. உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து தின்ற செம்பு. ஜன்னலை ஒட்டி ஸ்விட்ச் மாட்டியிருந்ததுதான் காரணம். பிளக்கை வெட்டி எறிந்து, கேபிளில் ஒரு சாண் நல்ல பாகம் வரும்வரை கழித்து, புதிதாக கிரிம்ப் செய்ததும் (பிளக்கை அழுத்திப் பொருத்தியதும்) லிங்க் 1000க்கு வந்தது. ஸ்விட்ச் போர்ட்டுக்குள்ளும் பச்சை இருந்ததால் அந்தப் போர்ட்டின் மேல் டேப் ஒட்டி மூடிவிட்டு வேறு போர்ட்டுக்கு மாற்றினோம். முட்டம், மணவாளக்குறிச்சி, கன்னியாகுமரி என்று கடலோரத்தில் வேலை பார்க்கிறவர்கள் பிளக்கை உருவிப் பார்ப்பதை முதல் வேலையாகவே வைத்துக்கொள்ளலாம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நனைக்கிற மாவட்டம் இது. சுவரில் ஈரம் காய நேரமே கிடைப்பதில்லை.

கிரிம்ப் செய்யும்போது கம்பி வரிசையில் கவனம் தேவை. பிளக்கின் கொக்கி கீழே இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. மூன்றாவதும் ஆறாவதும் பச்சை ஜோடி, நடுவில் நீல ஜோடி என்பதைக் கவனியுங்கள். நிறத்துக்கு நிறம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "வரிசையாக" அடித்துவிடுகிறவர்கள் உண்டு. இரு முனையிலும் அப்படியே அடித்தால் டெஸ்டரில் எல்லா விளக்கும் எரியும். ஒரு வயரிங் தம்பி என்னிடம் கேட்டான், "அண்ணா, எட்டு லைட்டும் வரிசையா எரியுதே, பிறகு கேபிள்ல என்ன குத்தம்?" நான் சொன்னேன், "மக்கா, கம்பி ஒரு முனையிலேருந்து மறு முனைக்குப் போகுதுன்னுதான் லைட்டு சொல்லுது. எதோட எது முறுக்கியிருக்குன்னு அதுக்குத் தெரியாது." ஒரு ஜோடிக் கம்பிகள் ஒன்றோடொன்று முறுக்கியிருப்பதால்தான் வெளி இரைச்சல் அடங்குகிறது. ஜோடி பிரிந்து போனால் பக்கத்து ஜோடியின் சிக்னல் இதில் கசியும். லிங்க் 1000 காட்டினாலும் பிழை குவியும், வேகம் தள்ளாடும். அந்த முறுக்கைப் பிளக்குக்குப் பக்கத்தில் 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது என்பது இதனால்தான்.

கேபிள் வாங்கும்போது முழுச் செம்பா என்று கேளுங்கள். அலுமினியக் கம்பிக்கு மேல் செம்பு பூசிய மலிவு கேபிள் சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது. சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும். தூக்கிப் பார்த்தால் பெட்டி லேசாக இருக்கும். நீண்ட ஓட்டத்தில் அது தாங்காது, பிளக் முனையில் சீக்கிரம் ஒடியும். கேட் 5இ முழுச் செம்பு கேபிள் கிகாபிட்டுக்குப் போதும். ஒரு ஓட்டம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. கரண்ட் வயர் போகிற பைப்புக்குள்ளேயே இதையும் இழுத்திருந்தால் தனியாக இழுங்கள். வேகத்துக்கு மட்டுமல்ல, உயிருக்கும் அதுதான் பாதுகாப்பு.

அப்புறம் இடி. சித்திரையிலும் ஐப்பசியிலும் சாயங்காலம் இடி இறங்குகிற ஊர்கள் நம்முடையவை. மின்னலின் தாக்கம் கேபிள் வழியாக வந்தால் போர்ட் முழுதாகச் செத்துப் போவதும் உண்டு, அரைகுறையாகப் பிழைத்து 100ல் மட்டும் ஓடுவதும் உண்டு. கேபிள் நல்லது என்று உறுதியான பிறகும் 1000 வரவில்லை என்றால், அதே கேபிளை வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள். இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே திறந்த வெளியில் செம்பு கேபிள் போயிருந்தால் அதை ஃபைபராக மாற்றிவிடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். கண்ணாடி இழையில் மின்சாரம் கடக்காது. ஒரு பக்கம் அடித்தாலும் மறு பக்க சர்வர் தப்பிக்கும்.

ஆட்டோவில் விடுங்கள்

நெட்வொர்க் கார்டின் அட்வான்ஸ்டு பக்கத்தில் ஸ்பீடு அண்ட் டூப்ளெக்ஸ் என்று ஒன்று இருக்கும். அது ஆட்டோ நெகோஷியேஷனில் இருக்க வேண்டும், இரு பக்கமும். யாரோ ஒரு பக்கத்தை 100 ஃபுல் டூப்ளெக்ஸ் என்று கட்டிவைத்து, மறுபக்கம் ஆட்டோவில் இருந்தால், ஆட்டோ பக்கம் எதிராளி ஃபுல்லா ஹாஃபா என்று அறிய முடியாமல் ஹாஃப் டூப்ளெக்ஸ் என்று எடுத்துக்கொள்ளும். ஒருவர் பேசிக்கொண்டே இருப்பார், மற்றவர் மோதல் என்று நினைத்து நிறுத்தி நிறுத்தி அனுப்புவார். பிங் (சின்ன பாக்கெட் அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) அடித்தால் ஒழுங்காக வரும். பெரிய ஃபைல் மட்டும் தவழும். செப்புக் கேபிளில் கிகாபிட்டுக்கு ஆட்டோ கட்டாயம் என்பதால், கையால் கட்டிவைக்க ஒரு காரணமும் இல்லை.

பிழை எண்ணிக்கையையும் பார்த்துவிடுங்கள். மேனேஜ்டு ஸ்விட்ச் (பிரவுசரில் திறந்து அமைக்கக்கூடியது) என்றால் அதன் பக்கத்தில் போர்ட்டுக்கு நேரே சிஆர்சி பிழை (வழியில் சிதைந்துவந்த பாக்கெட்) என்று காட்டும். லினக்ஸில் ஈத்டூலுக்குக் கழித்தல் குறியும் பெரிய எஸ்ஸும் கொடுத்தால் நீண்ட பட்டியல் வரும். மொத்த எண் பெரிதாக இருப்பது முக்கியமில்லை. அது பழைய கணக்காக இருக்கலாம். காப்பி ஓடும்போது அது ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் கேபிளோ போர்ட்டோ கெட்டுப்போயிருக்கிறது.

டிஸ்க்கை விட்டுவிட்டு லைனை மட்டும் அளப்பது

லிங்க் 1000 காட்டுகிறது, காப்பி இன்னும் மெதுவாக இருக்கிறது. இப்போது குற்றம் லைனிலா டிஸ்க்கிலா என்று பிரிக்க வேண்டும். அதற்கு ஐபெர்ஃப்3 என்ற இலவச புரோகிராம் போதும். இது டிஸ்க்கைத் தொடாமல் மெமரியிலிருந்து மெமரிக்குத் தரவை அனுப்பி லைனின் வேகத்தை மட்டும் சொல்லும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு கருவியைக் கற்றுக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

சர்வரில் கமாண்ட் ஜன்னலைத் திறந்து ஐபெர்ஃப்3 என்று அடித்து, இடம் விட்டு, கழித்தல் குறியும் சின்ன எஸ்ஸும் சேர்த்துக் கொடுங்கள். அது காத்திருக்கும். கம்ப்யூட்டரில் அதே பெயரோடு கழித்தல் சி, பிறகு சர்வரின் ஐபி எண். விண்டோஸ் ஃபயர்வால் கேட்டால் அனுமதியுங்கள். 5201 என்ற போர்ட்டை அது பயன்படுத்துகிறது. பத்து விநாடியில் முடிவு வரும், எம்பிபிஎஸ் கணக்கில். கடைசியில் கழித்தல் பெரிய ஆர் சேர்த்தால் திசை மாறி, சர்வரிலிருந்து இங்கே வருவதை அளக்கும். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இரு பக்கமும் 930, 940 வந்தால் லைன் சுத்தம். கேபிளையும் ஸ்விட்ச்சையும் இனித் தொடவே வேண்டாம். நேராக டிஸ்க்குக்குப் போங்கள். 94 வந்தால் எங்கோ 100 ஒளிந்திருக்கிறது, மேலே சொன்னதை மறுபடி பாருங்கள். 300, 400 என்று வந்தால் கார்டு எப்படி மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். யுஎஸ்பி 2 போர்ட்டில் செருகிய கிகாபிட் அடாப்டர் அவ்வளவுதான் தரும். ஒரு திசை நன்றாகவும் மறு திசை மோசமாகவும் வந்தால் பெரும்பாலும் கேபிள், போர்ட், டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) மூன்றில் ஒன்று. ஒன்றை மாற்றுங்கள், அளந்து பாருங்கள், அப்புறம் அடுத்தது. மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது.

டிஸ்க்

காப்பி ஓடும்போது சர்வரில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து டிஸ்க் வரைபடத்தைப் பாருங்கள். ஆக்டிவ் டைம் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டிருந்து, நெட்வொர்க் வரைபடம் பாதியில் கிடந்தால் விடை கிடைத்துவிட்டது. ஃபைலை அனுப்பும் கம்ப்யூட்டரிலும் இதையே பாருங்கள். பழைய லேப்டாப்பின் டிஸ்க் மெதுவாக இருந்து சர்வர் பழி சுமப்பதும் நடக்கும்.

நல்ல நிலையிலுள்ள, நிமிஷத்துக்கு 7200 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க் ஒரே பெரிய ஃபைலை 150 எம்பிக்கு மேல் படிக்கும், எழுதும். கிகாபிட்டுக்கு அது போதும். ஆனால் ஒரே நேரத்தில் மூன்று பேர் அதிலிருந்து எடிட் செய்தால் டிஸ்க்கின் ஊசி இங்கும் அங்கும் ஓடியே நேரம் போய்விடும். சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டியில் அந்த ஓட்டம் இல்லை. ஸ்டுடியோக்களுக்கு நான் சொல்வது: இப்போது வேலையிலிருக்கும் கல்யாணம் எஸ்எஸ்டியில், முடிந்தது ஹார்ட் டிஸ்க்கில்.

நன்றாகத் தொடங்கி ஒரு கட்டத்தில் சரிந்து விழுகிற காப்பிக்கு இரண்டு காரணங்கள் சகஜம். ஒன்று, எஸ்எம்ஆர் வகை ஹார்ட் டிஸ்க். இதில் பதிவுத் தடங்கள் ஓட்டுக்கூரை மாதிரி ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும். ஒன்றை மாற்றி எழுத அடுத்ததையும் எழுத வேண்டும். கொஞ்சம் எழுதினால் தெரியாது, நூறு ஜிபி தொடர்ந்து எழுதினால் மூச்சு வாங்கும். நாஸ் பெட்டிக்கு டிஸ்க் வாங்குமுன் மாடல் எண்ணை வைத்து எஸ்எம்ஆரா சிஎம்ஆரா என்று தேடிப் பாருங்கள்; தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று படியாத சிஎம்ஆர்தான் வேண்டும். இரண்டு, விலை குறைந்த எஸ்எஸ்டி முதலில் எழுதுகிற வேகமான சின்னப் பகுதி நிரம்பிவிடுவது.

ரெய்டு கார்டு (பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் கார்டு) உள்ள சர்வரில் எழுதுவது மட்டும் திடீரென்று மெதுவானால் கார்டின் பேட்டரியைப் பாருங்கள். பேட்டரி செத்தால், கரண்ட் போகும்போது தரவு போய்விடக் கூடாது என்று கார்டு தானாகவே ரைட் கேஷை, அதாவது எழுத வேண்டியதை முதலில் தன் மெமரியில் வாங்கி வைப்பதை, நிறுத்திவிடும். ரெய்டில் ஒரு டிஸ்க் மாற்றி, ரீபில்ட் (புது டிஸ்க்கில் தரவை மறுபடி நிரப்புவது) ஓடிக்கொண்டிருந்தாலும் எல்லாம் மெதுவாகும்; அது முடியும்வரை பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச புரோகிராமில் டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரம் (டிஸ்க் தானே எழுதி வைக்கும் உடல்நிலைக் குறிப்பு) தெரியும். பெண்டிங் செக்டர், ரீஅலோகேட்டட் செக்டர் (படிக்கத் திணறும் இடங்கள், கெட்டு மாற்றப்பட்ட இடங்கள்) எண்கள் ஏறிக்கொண்டிருந்தால் வேகத்தை மறந்துவிடுங்கள். அன்றைக்கே வேறு டிஸ்க்கில் பேக்கப் எடுங்கள். ஒருவரின் கல்யாணப் படத்தைத் திரும்ப எடுக்க முடியாது.

சின்னச் சின்ன ஃபைல்கள்

5 ஜிபி வீடியோ ஒரு நிமிஷத்துக்குள் போகிறது, அதே 5 ஜிபி போட்டோ ஃபோல்டர் பத்து நிமிஷம் எடுக்கிறது. இது கோளாறு இல்லை. ஒவ்வொரு ஃபைலுக்கும் திற, பெயர் பதி, அனுமதி பார், தேதி போடு, மூடு என்று சர்வரோடு பல தடவை பேச வேண்டும். ஒரு ஃபைலுக்கு இந்தப் பேச்சு 20 மில்லி விநாடி என்று வைத்தாலும் 10,000 ஃபைலுக்கு 200 விநாடி, தரவு ஒரு பைட்கூட நகராமலே.

வழி இரண்டு. ஜிப் செய்து ஒரே ஃபைலாக அனுப்பலாம். அல்லது விண்டோஸிலேயே உள்ள ரோபோகாப்பி கட்டளையில் சாய்வுக் கோடு போட்டு எம்டி, முக்காற்புள்ளி, 16 என்று சேர்த்தால் ஒரே நேரத்தில் பதினாறு ஃபைல் போகும். எண் கொடுக்காவிட்டால் எட்டு. டிஸ்க் எஸ்எஸ்டியாக இருந்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

ஆன்டிவைரஸும் இங்கே நேரம் தின்னும். ஒவ்வொரு ஃபைலையும் திறந்து பார்த்துத்தான் விடும், சில சமயம் இரு பக்கமும். அதை ஒரேயடியாக அணைத்துவிடாதீர்கள். வீடியோ, போட்டோ வைக்கும் ஃபோல்டரை மட்டும் விதிவிலக்கில் சேர்த்து, அளந்து, வித்தியாசம் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11ன் 24எச்2 பதிப்புக்கு மாறியபிறகு பழைய நாஸோடு வேகம் குறைந்தாலோ, இணைப்பே மறுத்தாலோ, அந்தப் பதிப்பிலிருந்து எஸ்எம்பி சைனிங் (ஃபைல் பகிர்வில் ஒவ்வொரு செய்தியிலும் முத்திரை போட்டுச் சரிபார்ப்பது) கட்டாயமானது காரணமாக இருக்கலாம். முதலில் நாஸின் மென்பொருளைப் புதுப்பியுங்கள். பாதுகாப்பைத் தளர்த்துவது கடைசி.

ஜம்போ ஃப்ரேம் (வழக்கத்தைவிடப் பெரிய பாக்கெட்) என்ற அமைப்பைப் பற்றி யாராவது சொல்வார்கள். வழியிலுள்ள ஒவ்வொரு கருவியும் அதே அளவுக்கு அமைந்திருந்தால்தான் அது உதவும். ஒன்று விட்டுப்போனாலும் விசித்திரமான தொல்லைகள் வரும். கிகாபிட்டில் கிடைக்கும் லாபம் சொற்பம். புதியவர்கள் தொட வேண்டாம்.

வைஃபை

சர்வர் வேலைக்கு வைஃபை வேண்டாம் என்பதுதான் என் கருத்து. வேறு வழியில்லை என்றால் 5 கிகாஹெர்ட்ஸில், ரவுட்டர் இருக்கும் அறையிலேயே உட்காருங்கள். பழைய வெட்டுக்கல் சுவர் ஒன்று நடுவில் வந்தாலே வேகம் பாதியாகலாம். கட்டிடத்துக்குக் கட்டிடம் வயர்லெஸ் டிஷ் வைத்திருப்பவர்கள், குறிப்பாக ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கம், ஆனி ஆடிக் காற்றில் டிஷ் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். கையளவு திரும்பினாலே போதும், வேகம் சரிந்துவிடும்.

சர்வர் வெளியூரில் இருந்தால்

ஆபீஸுக்குள் எல்லாம் ஒழுங்கு, சென்னை, மும்பை டேட்டா சென்டருக்குப் பேக்கப் போவதுதான் மெது என்றால் கணக்கே வேறு. முதலில் உங்கள் பிளானில் அப்லோடு எவ்வளவு என்று பாருங்கள். 20 எம்பிபிஎஸ் அப்லோடு என்றால் 2.5 எம்பி, 100 ஜிபி அனுப்பப் பதினோரு மணி நேரத்துக்கு மேல். எந்த அமைப்பை மாற்றினாலும் அது குறையாது. பேக்கப்பை இரவுக்குத் தள்ளுங்கள், மாறிய ஃபைல்களை மட்டும் அனுப்பும்படி வையுங்கள். பகலில் ஓடியே ஆக வேண்டுமென்றால் பேக்கப் புரோகிராமிலேயே வேக வரம்பு போடுங்கள்; அப்லோடு முழுக்க நிரம்பினால் ஆபீஸில் எல்லோருக்கும் இணையம் திணறும்.

அடுத்தது தூரம். ஃபைபரில் ஒளி விநாடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். நாகர்கோவிலிலிருந்து சென்னை சாலை வழியாகச் சுமார் 700 கிலோமீட்டர். லைன் அதே தூரம் போனாலும் போய்வர 7 மில்லி விநாடி. உண்மையில் அதைவிடக் கூடத்தான் ஆகும். அமெரிக்காவில் உள்ள சர்வர் என்றால் 200 மில்லி விநாடியைத் தாண்டும். அனுப்பும் புரோகிராம் பழையதாக இருந்து, 64 கேபி அனுப்பிவிட்டு "வந்து சேர்ந்தது" என்ற பதிலுக்குக் காத்திருக்கும் வகை என்றால், 200 மில்லி விநாடிக்கு ஒரு தடவை 64 கேபி, அதாவது விநாடிக்கு 320 கேபிதான். லைன் எவ்வளவு பெரிதானாலும் அதற்கு மேல் ஏறாது. ஐபெர்ஃப்3ல் கழித்தல் பெரிய பி, 4 என்று கொடுத்து நாலு இணைப்பாக அளந்து பாருங்கள். மொத்தம் நாலு மடங்குக்குப் பக்கம் வந்தால் குறை லைனில் இல்லை. ஒரே நேரத்தில் பல இணைப்பாக அனுப்பும் புரோகிராமுக்கு மாறுங்கள்.

சின்ன விஷயம் எல்லாம் வருகிறது, பெரியது மட்டும் நடுவில் தொங்கி நிற்கிறது, அதுவும் விபிஎன் (இணையத்துக்குள் போடும் தனிச் சுரங்கப்பாதை) வழியாக என்றால் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவைப் பாருங்கள். யூசர் பெயர், பாஸ்வேர்டு போட்டு இணையும் பிபிபிஓஇ முறையில் வரும் ஃபைபர் இணைப்பில் பாக்கெட்டின் உச்ச அளவு 1500 இல்லை, 1492. விண்டோஸில் பிங் கட்டளையோடு கழித்தல் எஃப், கழித்தல் எல், 1464 என்று கொடுத்து ஒரு வெளி முகவரிக்கு அடியுங்கள். தலைப்பகுதி 28 பைட் சேர்ந்து 1492 ஆகும். பதில் வந்தால் நல்லது. உடைக்காமல் அனுப்ப முடியாது என்று வந்தால் எண்ணைப் பத்துப் பத்தாகக் குறைத்துப் போகும் அளவைக் கண்டுபிடித்து, 28 கூட்டி, அதை ரவுட்டரில் எம்டியுவாகப் போடுங்கள். விபிஎன்னுக்கு இன்னும் குறைவாக வேண்டியிருக்கும். விபிஎன் சுரங்கத்தின் உள்ளேயிருந்தும் இதே சோதனையைச் செய்யுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் இணைய கம்பெனியைக் கூப்பிட வேண்டிவந்தால், வைஃபை இல்லாமல் கேபிளில் ஒரே ஒரு கம்ப்யூட்டரைச் செருகி, காலை, மதியம், இரவு எட்டு மணி என்று மூன்று வேளை அளந்த வேகத்தையும் பிங் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் மட்டும் விழுகிறது என்றால் அவர்கள் பக்கத்து நெரிசல், எல்லா நேரமும் ஒரே மாதிரி குறைவு என்றால் லைனின் ஒளி அளவோ பிளான் அமைப்போ. எந்த ஆளை அனுப்ப வேண்டும் என்பது அவர்களுக்கும் அதிலிருந்தே தெரிந்துவிடும்.